மாற்றுக் கிட்னிக்காரர்களுக்கான தாள்: இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), இடுப்பளவு, உள்ளழற்சி (பின்பக்கத்துக்குத் திருத்தம் சொல்லுங்கள்)

#1 சிப்புட்_வளர்மதி

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றுவட்டத் தீம்பார்களிலும் (தோட்டங்களிலும்) மாற்றுக் கிட்னியோடு வாழ்கிறவர்களுக்காகத் தமிழில் ஒரு தாள் தயாராகிறது. முன்பக்கம் முடிந்துவிட்டது: மருந்து நேரம், தண்ணீர் அளவு, அவசரத்துக்கு எங்கே போவது. பின்பக்கம்தான் இழுக்கிறது. முதல் வருடம் தாண்டியவர்கள் ஒரே ஒரு எண்ணைத்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், கிட்னி எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின். 'கிரியாட்டினின் நல்லா இருக்கு' என்றால் அதோடு பேச்சு முடிந்தது. இடுப்பு பெருப்பது, மத்தியானம் ரத்தத்தில் இனிப்பு ஏறுவது, ஈறு வீங்குவது எல்லாவற்றையும் 'மருந்து அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள்.

எந்தெந்த எண்களைக் கேட்டு வாங்க வேண்டும், நம்ம கடைச் சாப்பாட்டில் எதைக் குறைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, இந்த மூன்றும் பின்பக்கத்தில் வர வேண்டும். லயத்து வீட்டில் பாட்டி படித்தாலும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நெஃப்ரோ_குறிப்பு

நல்ல காரியம், வளர்மதி. எண்களுக்கு முன்னால் காரணத்தை இரண்டு வரியில் போடுங்கள், இல்லாவிட்டால் யாரும் எண்களைக் கவனிக்க மாட்டார்கள். மலேசியாவில் முதல் கிட்னி மாற்று 1975 டிசம்பரில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் நடந்தது. அந்தக் காலத்தில் கவலை முழுக்க நிராகரிப்பு பற்றித்தான், அதாவது உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் தாக்குவது. இன்றைக்கு மருந்துகள் அதை ஓரளவு அடக்கிவிட்டன. இப்போது மாற்றுக் கிட்னிகள் வீணாகும் முக்கியக் காரணங்களில் ஒன்று, கிட்னி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆள் இதய நோயில் போய்விடுவது. கிரியாட்டினின் அதைக் காட்டாது.

அடிக்கடி வரும் கேள்வி: 'எதிர்ப்பு சக்தியைத்தான் மருந்தால் அடக்கியாச்சே, பிறகு அழற்சி எங்கிருந்து வரும்?' நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளான டாக்ரோலிமஸும் மைக்கோஃபினோலேட்டும் பெரும்பாலும் லிம்ஃபோசைட் அணுக்களை, அதாவது கிட்னியை அந்நியன் என்று அடையாளம் காண்கிற படையை, அடக்குகின்றன. வயிற்றுக் கொழுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் அணுக்கள் ஐஎல்-6, டிஎன்எஃப் என்ற சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கல்லீரல் அதைக் கேட்டு சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தைத் தயாரிக்கும். நீறு பூத்த நெருப்பு மாதிரி, காய்ச்சலும் இருக்காது, வலியும் இருக்காது. ஆனால் ரத்தக்குழாய்ச் சுவர் தடிக்கும், இன்சுலின் வேலை செய்யாமல் போகும், இன்சுலின் வேலை செய்யாததால் கொழுப்பு இன்னும் சேரும். ஃப்ளூவாஸ்டாட்டின் மருந்தை மாற்றுக் கிட்னிக்காரர்கள் 2,102 பேரிடம் சோதித்த அலர்ட் ஆய்வின் ரத்த மாதிரிகளைப் பிறகு அலசியபோது, ஐஎல்-6ம் சிஆர்பியும் உயர்ந்திருந்தவர்களுக்கு இதயப் பாதிப்பும் மரணமும் கூடுதலாக இருந்தது தெரிந்தது. கிட்னி வேலை செய்யும் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான்.

கொழுப்பு மட்டும் காரணமல்ல. ஈறு நோய், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, சைட்டோமெகலோ வைரஸ், உள்ளேயே விட்டுவைத்த பழைய செயலிழந்த மாற்றுக் கிட்னி, டயாலிசிஸ் காலத்தில் கையில் வைத்து அடைத்துப்போன செயற்கைக் குழாய், இவை ஒவ்வொன்றும் அந்த நெருப்புக்கு விறகு.

#3 மருந்துச்சீட்டு

இனிப்பு ஏறுவது 'சோறு அதிகம் தின்னதால்' என்று குடும்பத்தில் திட்டுகிறார்கள். தாளில் முதலில் இதை உடைக்க வேண்டும், அக்கா. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கும், தசைகள் இன்சுலினைக் கேட்காமல் செய்யும். டாக்ரோலிமஸ் வேறு வழியில் வரும்: கணையத்தின் பீட்டா அணுக்கள் இன்சுலின் சுரப்பதையே குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு பக்கம் தேவை கூடும், இன்னொரு பக்கம் வரத்து குறையும். போதாததற்கு டாக்ரோலிமஸ் மெக்னீசியத்தைச் சிறுநீரில் வடியவிடும். மெக்னீசியம் குறைந்தவர்களுக்கு மாற்றுக்குப் பிந்திய இனிப்பு நீர் அதிகம் வருகிறது. கூடவே வயிற்றுக்கு ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வருடக் கணக்கில் ஓடினால் இன்னும் குறையும். வழக்கமான அளவு லிட்டருக்கு 0.7 முதல் 1.0 மில்லிமோல். ரத்தச் சீட்டில் அந்த வரி இல்லையென்றால் கேளுங்கள். வயிற்று மாத்திரை இன்னும் தேவையா என்றும் கேளுங்கள்.

#4 மிஸ்ஸி_தனம்

தம்பி சொன்னதோடு ஒரு முக்கிய விஷயம். காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்து 5.4, 5.6 (லிட்டருக்கு மில்லிமோல்) என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். ப்ரெட்னிசோலோனைக் காலையில் போடுகிறோம். அதன் வேலை மத்தியானம் முதல் சாயங்காலம் வரை உச்சத்தில் இருக்கும், இரவில் அடங்கிவிடும். அதனால் வெறும் வயிற்று அளவு நல்ல பிள்ளையாகத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டின் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது சாயங்காலம் நான்கு மணிக்குக் குத்திப் பாருங்கள். உண்மை அங்கேதான் தெரியும்.

குத்துகிற முறையும் போடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த கையோடு, பாப்பாளி நறுக்கிய கையோடு குத்தினால் தோலில் ஒட்டிய பழச்சாறு எண்ணைத் தூக்கிக் காட்டும், அந்தப் பொய் எண்ணை நம்பி இன்சுலின் கூட்டுகிற ஆபத்து உண்டு. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. சோதனைப் பட்டை டப்பாவைத் திறந்தே போட்டால் நம்ம ஊர் ஈரத்தில் கெட்டுவிடும்.

#5 நெஃப்ரோ_குறிப்பு

எண்களை இங்கே வைக்கிறேன். வெறும் வயிற்றில் 7.0, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 11.1, இந்த அளவோ அதற்கு மேலோ வந்தால் இனிப்பு நீர். குளுக்கோஸ் குடித்த பிறகு 7.8க்கும் 11.0க்கும் இடையில் நின்றால் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் ஸ்டீராய்டு அளவு அதிகம் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு ஏறும். மருந்து நிலைப்பட்ட பிறகு, குறைந்தது 45 நாள் கழித்துத்தான் 'இனிப்பு நீர்' என்று முத்திரை குத்த வேண்டும். கேடிகோ என்ற உலகக் கிட்னி மருத்துவ அமைப்பின் 2009 வழிகாட்டி சொல்லும் பரிசோதனைக் கணக்கு: முதல் நான்கு வாரம் வாரம் ஒருமுறை, ஒரு வருடம் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. டாக்ரோலிமஸ் அல்லது ஸ்டீராய்டு அளவைக் கூட்டினால் உடனே மறுபடியும்.

கடந்த சில மாதச் சராசரி இனிப்பைக் காட்டும் எச்பிஏ1சியை முதல் மாதங்களில் தனியாக நம்பாதீர்கள். ரத்தசோகை, ரத்தம் ஏற்றியது, எரித்ரோபொயெட்டின் ஊசி எல்லாம் சிவப்பணுவின் வயதை மாற்றிவிடும். இளம் அணுக்கள் அதிகமானால் எண் பொய்யாகக் குறைந்து வரும்.

#6 பால்மரம்89

சிஆர்பி பற்றி ஒரு சந்தேகம். தனியார் லேப்பில் எடுத்தால் 0.8 என்று வருகிறது, ஆஸ்பத்திரியில் 8 என்று வருகிறது. எது சரி?

#7 நெஃப்ரோ_குறிப்பு

இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஒன்று டெசிலிட்டருக்கு, மற்றது லிட்டருக்கு. டெசிலிட்டர் எண்ணைப் பத்தால் பெருக்கினால் லிட்டர் எண் வரும். சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். நுண்ணிய சிஆர்பி என்று தனியாக ஒன்று உண்டு, இதயக் கணக்குக்கு அதுதான் தேவை: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் தாழ்வு, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் உயர்வு. 10ஐத் தாண்டினால் இதயக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தொற்றைத் தேட வேண்டும். சளி, பல்வலி, காலில் புண் இருந்தால் அது ஆறி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்குக் காய்ச்சலும் மறையும், சிஆர்பியும் முழுதாக ஏறாது. அதனால் 'எண் நல்லா இருக்கு, தொற்று இல்லை' என்று வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம். 38 டிகிரி தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

#8 லயத்து_வாசகன்

ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம். இதெல்லாம் இங்கிலீஷ் மருந்து பண்ணுகிற கோளாறு என்று நீங்களே சொல்கிறீர்கள். அழற்சிக்கு மஞ்சள், இனிப்புக்கு நிலவேம்பு, கிட்னிக்குப் பூனைமீசை மூலிகை, மெங்குடு (நோனி) சாறு. நம்ம முன்னோர் தோட்டத்தில் டாக்டர் இல்லாத காலத்தில் இதை வைத்துத்தானே பிழைத்தார்கள். தாளில் இதற்கும் ஒரு இடம் கொடுங்கள்.

#9 மருந்துச்சீட்டு

வாசகன் ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. தாளில் இதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் 'தொடாதே' என்ற பக்கத்தில். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குழம்பில் போடுகிற மஞ்சள் தாராளமாகப் போடலாம். மஞ்சளைச் செறிவாக்கி மிளகுச் சத்தோடு அடைத்து விற்கிற குர்குமின் கேப்சூல் வேறு பொருள். அளவுக்கு மிஞ்சிய மஞ்சளோடு டாக்ரோலிமஸ் அளவு எகிறி கிட்னி பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. நிலவேம்பை, மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்களே, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மாற்றுக் கிட்னிக்காரர் தினம் இரண்டு வேளை மாத்திரை போடுவதே அந்தச் சக்தி தூண்டப்படாமல் இருக்கத்தான். மெங்குடு சாற்றில் பொட்டாசியம் ஏராளம். டாக்ரோலிமஸ் ஏற்கனவே பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். ரத்தக் கொதிப்புக்கு பெரிண்டோப்ரில் அல்லது லோசார்டான், தொற்றுத் தடுப்புக்கு கோட்ரைமோக்சசோல் இரண்டும் சேர்ந்தால் இன்னும் பிடிக்கும். அதன்மேல் மெங்குடு ஊற்றினால் இதயம் நின்றுபோகும் அளவுக்குப் பொட்டாசியம் போகலாம். பூனைமீசையையும் அதே கணக்கில் விட்டுவிடுங்கள். 'உப்பு குறைந்த உப்பு' என்று டப்பாவில் விற்பதும் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூட்டுவலிக்கு விற்கிற பொட்டலங்களை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது. பதிவு இல்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் வலிநிவாரணிகளும் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. டப்பாவில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இல்லாததை வீட்டுக்குள் விடாதீர்கள். அவை இருந்தாலும், மாற்றுக் கிட்னிக்காரருக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை.

#10 சிப்புட்_வளர்மதி

லிமாவ் பற்றியும் கேட்கிறார்கள். தம்புன் பக்கம் போனாலே மூட்டையாக வாங்கி வருகிறோம். 'மருந்து காலையில், லிமாவ் சாயங்காலம்' என்று பிரித்தால் போதுமா?

#11 மருந்துச்சீட்டு

போதாது, அக்கா. தம்புன் லிமாவ், அதாவது பொமெலோ என்கிற பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட்டின் சொந்தக்காரன். அதிலுள்ள ஃப்யூரானோகூமரின் என்ற பொருள் குடல் சுவரில் டாக்ரோலிமஸை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். புது நொதி உருவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். எத்தனை மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டாலும் மாத்திரை அந்த முடக்கத்துக்குள்தான் போய் விழும், ரத்தத்தில் அளவு ஏறும், கை நடுங்கும், கிட்னிக்கும் கணையத்துக்கும் நஞ்சாகும். சிக்ளோஸ்போரின், சிரோலிமஸ், எவரோலிமஸ் என்ற மற்ற நிராகரிப்புத் தடுப்பு மருந்துகள் போடுகிறவர்களுக்கும் இதே கதை. சீனப் பெருநாளுக்குக் கொடுக்கிற சின்ன மண்டரின் ஆரஞ்சு பிரச்சினை இல்லை, சர்க்கரைக்காக ஒன்றோடு நிறுத்தினால் போதும்.

பழத்தைவிட மோசமானது கிளினிக்கில் கேட்காமல் எழுதி வாங்குகிற மருந்துதான். இருமலுக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், தோல் படைக்கு ஃப்ளுகோனசோல், இவை அளவை ஏற்றும். காசநோய் மருந்து ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்து ஃபெனிட்டாயின், இவை அளவை இறக்கி நிராகரிப்பைக் கூப்பிடும். கால் கட்டைவிரல் வீங்கி யூரிக் அமிலம் என்றால் இன்னும் கவனம்: நிராகரிப்புத் தடுப்புக்கு அசாத்தியோப்ரின் போடுகிறவருக்கு அலோப்யூரினால் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை சுருண்டுவிடும். சிக்ளோஸ்போரினோடு கோல்சிசின் சேர்ந்தால் தசை அழியலாம். வலிக்கு டிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் (பொன்ஸ்தான் என்று கேட்டு வாங்குவது), இவை எல்லாம் வேண்டாம். பாராசிட்டமால் மட்டும்.

கொழுப்பு மாத்திரையையும் சேர்த்துவிடுங்கள். சிக்ளோஸ்போரின் போடுகிறவர் சிம்வாஸ்டாட்டின் போடவே கூடாது, தசை கரைந்து கிட்னியை அடைக்கும். டாக்ரோலிமஸ்காரர்களுக்கு அந்த ஆபத்து குறைவு, ஆனால் கூடவே ரத்தக் கொதிப்பு மருந்து அம்லோடிபின் இருந்தால் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தொடை காரணமில்லாமல் வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

#12 லயத்து_வாசகன்

பம்பளிமாஸ் விஷயம் தெரியாமல் போயிற்று, தம்பி. விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் இனிப்பைக் குறைக்க ஸ்டீராய்டையே நிறுத்திவிட்டால் என்ன? 5 மில்லிகிராம்தானே போடுகிறார்கள்.

#13 நெஃப்ரோ_குறிப்பு

தானாக நிறுத்துவது வேண்டவே வேண்டாம், ஐயா. வருடக் கணக்கில் ஸ்டீராய்டு போட்ட உடம்பில் அட்ரினல் சுரப்பி தூங்கிவிட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், மயக்கம் வரும். நிராகரிப்பு வேறு. ஒரு வாரத்திலேயே ஸ்டீராய்டை நிறுத்தியவர்களையும் 5 மில்லிகிராமில் தொடர்ந்தவர்களையும் ஐந்து ஆண்டு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2008ல் வந்தது. நிறுத்தியவர்களுக்கு ட்ரைகிளிசரைடும் (ரத்தக் கொழுப்பு) இன்சுலின் தேவையும் எடை ஏறுவதும் குறைந்தன, ஆனால் நிராகரிப்பு கூடியது. லாபமும் நஷ்டமும் கலந்த கணக்கு. டாக்ரோலிமஸை சிக்ளோஸ்போரினுக்கு மாற்றியதில் மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர் விலகியதாக 2018ல் ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் சிக்ளோஸ்போரின் கொழுப்பை ஏற்றும், ஈறைத் தடிக்க வைக்கும். யாருக்கு எது பொருந்தும் என்பது திசுப் பொருத்தம், பழைய நிராகரிப்பு எல்லாவற்றையும் வைத்து மாற்று மையம் முடிவு செய்ய வேண்டியது.

அழற்சியையே நேரடியாக மருந்தால் அடக்கலாமே என்றும் சிலர் கேட்பார்கள். மாரடைப்பு வந்தவர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் கனாகினுமாப் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2017ல் வந்தது. கொழுப்பு குறையாமலேயே மாரடைப்பு குறைந்தது, ஆனால் உயிர் போகும் தொற்று கூடியது. அவர்கள் மாற்று உறுப்பு வைத்தவர்கள்கூட இல்லை. ஏற்கனவே எதிர்ப்பு சக்தி அடங்கியவருக்கு அந்தப் பாதை சரிப்படாது. நெருப்பை அணைக்கும் மருந்தைத் தேடுவதைவிட விறகை இழுப்பதுதான் நம் கையில் இருக்கிற வேலை.

#14 சுகு_செபாரோ

விறகு என்றால் சமையலறைக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆபரேஷனுக்கு முன் வருடக் கணக்கில் 'தண்ணி குடிக்காதே, பழம் தின்னாதே' என்று கட்டிப்போட்டவர்கள். கட்டு அவிழ்ந்ததும் ஸ்டீராய்டு பசியும் சேர்ந்துகொள்கிறது. அவர்களைத் திட்டக்கூடாது. பசி மருந்தால் வருகிறது, அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி.

இடுப்பளவிலிருந்து தொடங்குங்கள். எடைத் தராசு தண்ணீரையும் தசையையும் சேர்த்துச் சொல்லும், நாடா வயிற்றுக் கொழுப்பைச் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேட்டுக்கும் நடுவில், சட்டைக்கு மேலே அல்லாமல் தோலின்மேல், மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடா இறுகாமல் படிந்திருக்க அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை, அதே நாள், பசியாறுவதற்கு முன்.

பிறகு தே (தேநீர்). நம்ம ஊரில் இனிப்பு சோற்றில் ஏறுவதற்கு முன்னால் தேயில் ஏறிவிடுகிறது. கெட்டிப்பால் இரண்டு மேசைக்கரண்டியில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று தே தாரிக் குடித்தால் 60 கிராம் அங்கேயே போயிற்று. 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொன்னால் கடைக்குக் கடை அளவு மாறும். 'தே ஓ கோசோங்' என்றால் சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை, குழப்பமும் இல்லை. பால் வேண்டுமென்றால் வீட்டில் சாதாரணப் பால் ஊற்றிக்கொள்ளலாம். மைலோவும் தே கணக்கில்தான் சேரும்.

சோறு: வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு தடவை சமையல் தராசில் நிறுத்து, அந்த அளவு எந்தக் கிண்ணத்தில் நிற்கிறது என்று பார்த்து அந்தக் கிண்ணத்தையே வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சு சொல்கிற 'சுகு சுகு செபாரோ' தட்டு நமக்கும் பொருந்தும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் கோழி முட்டை அல்லது பருப்பு, அரைத் தட்டு காய், பழம். நம்ம வீட்டுத் தட்டில் சோறுதான் முக்கால் என்பதால் ஒரே நாளில் மாறாது. ஒரு வாரம் ஒரு கரண்டி என்று இறக்குங்கள். சோற்றுக்கு முன்னால் காயையும் மீனையும் பாதி சாப்பிட்டுவிட்டால் சோற்றின் வேகம் குறையும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், தட்டையாக ஒரு தேக்கரண்டி. அதற்குள் குழம்பு, ரசம், ஊறுகாய், இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு), பெலாச்சான் (இறால் விழுது), கருவாடு எல்லாம் அடங்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப்பிலேயே (சோயா சாஸ்) கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம், ஒரு நாள் பங்கில் பாதிக்குப் பக்கம். கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் குழம்புக்குத் தனி உப்பு போடாதீர்கள், கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். எண்ணெய் பற்றி: செம்பனை எண்ணெயில் பாதி கெட்டிக் கொழுப்பு (நிறைவுற்ற கொழுப்பு), தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம். செம்பனை ஊரில் இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அளவைக் குறைத்தாலே பெரிய வித்தியாசம். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி கொதிக்க வைக்காதீர்கள்.

#15 பால்மரம்89

தம்பரத்தம் பழம் (நட்சத்திரப் பழம்), ஜெரிங் கொட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே?

#16 சுகு_செபாரோ

நன்றி தம்பி, விட்டுப்போனது. நட்சத்திரப் பழத்தில் ஆக்சலேட்டும் மூளை நரம்பைப் பாதிக்கும் கேரம்பாக்சின் என்ற நஞ்சும் உண்டு. கிட்னி முழு பலத்தில் இல்லாதவருக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். ஜெரிங்கில் இருக்கும் ஜெங்கோலிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிந்து சிறுநீர்ப் பாதையை அடைக்கும். இரண்டும் கூடாது. காப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டை, வேகாத முளைப்பயறு, பச்சையாக உலாம் (வேகாத இலைகள்), இவை தொற்றுக்காகத் தவிர்க்க வேண்டியவை.

#17 மிஸ்ஸி_தனம்

வாயையும் காலையும் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள், வளர்மதி. இவற்றுக்கு ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம், கண்ணாடி முன் நின்றால் போதும். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால், ஈறு பல்லின்மேல் ஏறி வந்தால், அது தினமும் எரிகிற சின்ன அடுப்பு. சிக்ளோஸ்போரினோடு அம்லோடிபின், நிஃபெடிபின் சேர்ந்தவர்களுக்கு ஈறு தடிப்பது இன்னும் அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர். உட்கார்ந்ததுமே 'மாற்றுக் கிட்னி' என்று சொல்லி மருந்துப் பட்டியலைக் காட்ட வேண்டும்.

கால் விஷயம் தோட்டத்துக்காரர்களுக்கே உரியது. வெறுங்காலோடு மண்ணில், சாக்கடை ஓரத்தில், மழைக்குப் பிறகு செம்பனை நிரையில் நடக்கக் கூடாது. மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு சாதாரண ஆளிடம் பல வருடம் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஸ்டீராய்டு கூடினால் அது பெருகி, குடல் கிருமிகளையும் இழுத்துக்கொண்டு நுரையீரல் வரை பரவும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மாற்றுக்கு முன்பே அதற்கான பரிசோதனையைக் கேட்கலாம், மருந்து இருக்கிறது. மெலியோய்டோசிஸ் கிருமியும் இதே ஈரமண்ணில்தான், இனிப்பு நீர் உள்ளவர்களை முதலில் பிடிக்கும். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் நம்ம எல்லாருக்கும் தெரிந்ததுதான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை. வெட்டுக்காயம் இருந்தால் மண் வேலை இல்லை.

#18 மருந்துச்சீட்டு

இனிப்பு நீருக்கான மருந்தில் தவறாகப் போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன். மெட்ஃபார்மின் கிட்னி வடிகட்டும் அளவு (சீட்டில் ஈஜிஎஃப்ஆர்) 30க்குக் கீழ் போனால் நிறுத்த வேண்டும், 30க்கும் 45க்கும் இடையில் பாதி அளவு. கிளிபென்கிளமைடு கிட்னி மந்தமானவர் உடம்பில் தேங்கி நடு ராத்திரியில் இனிப்பை அடியோடு இறக்கிவிடும், வேறு மருந்து கேளுங்கள். எம்பாகிளிஃப்ளோசினை மாற்றுக் கிட்னிக்காரர்களிடம் நார்வேயில் சோதித்து 2019ல் வெளியிட்டார்கள், இனிப்பும் எடையும் குறைந்தன. சின்ன ஆய்வு. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறவருக்கு ஒத்துவராது. வயிற்றுப்போக்கு, வாந்தி, ஆபரேஷன், முழு விரதம் என்றால் அதை நிறுத்திவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும்.

காலை ப்ரெட்னிசோலோனுக்குச் சரியான ஜோடி காலையில் போடுகிற கலங்கல் இன்சுலின், என்பிஎச். ஸ்டீராய்டு ஏறும் நேரத்தில் அதுவும் ஏறும். அடியில் தங்கிய வெள்ளையைக் கலக்காமல் போட்டால் ஒரு நாள் தண்ணீர், மறுநாள் இரட்டைப் பங்கு. பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பத்து தடவை உருட்டி, பத்து தடவை தலைகீழாகச் சாய்த்து, பால்போல ஒரே நிறமான பிறகுதான் போட வேண்டும். குலுக்கக் கூடாது. புதுப் பேனா ஐஸ்பெட்டியில், உறைபெட்டியை ஒட்டாமல். திறந்த பேனா 30 டிகிரிக்குள், நான்கு வாரம். தகரக் கூரை வீட்டின் மத்தியான வெப்பம் 30ஐத் தாண்டும், மோட்டார் சீட்டுக்கு அடியில் இன்னும் மோசம். ஈரத்துணி சுற்றிய மண் சட்டிக்குள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் தாங்கும்.

#19 சிப்புட்_வளர்மதி

விரதம் என்றதும் ஞாபகம் வந்தது. தைப்பூசம், கந்த சஷ்டி ஆறு நாள். கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

#20 மிஸ்ஸி_தனம்

மரக்கறி விரதம் தாராளமாக இருக்கலாம், பருப்பும் தயிரும் குறையாமல் பார்த்தால் போதும். தண்ணீர் இல்லாத விரதம் கூடாது. உடம்பு வற்றினால் டாக்ரோலிமஸின் நஞ்சு கிட்னியில் கூடும். மருந்து பன்னிரண்டு மணி நேர இடைவெளி எந்த விரதத்துக்கும் நகராது, மாத்திரை விழுங்கும் தண்ணீருக்கு முருகன் கோபிக்க மாட்டார். அலகு குத்துவது, முதுகில் கொக்கி போடுவது வேண்டாம், பால்குடம் எடுக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் நடந்து முடித்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோலிமஸ் அளவு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழ். மருந்தை உடைக்கும் குடல் சுவர் புண்ணாவதால் அளவு ஏறும். இரண்டு நாள் நீடித்தால் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

#21 நெஃப்ரோ_குறிப்பு

நடையையும் தசையையும் சேர்க்காமல் தாள் முடியாது. இன்சுலின் சர்க்கரையைக் கொண்டுபோய்ப் போடும் பெரிய கிடங்கு தொடைத் தசை. ஸ்டீராய்டு முதலில் அரிப்பது அதைத்தான். கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே நாற்காலி. எண் இறங்கினால் எடை இறங்காவிட்டாலும் தசை போகிறது. வாரம் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் எதிர்ப்புப் பயிற்சி. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். ஆபரேஷன் முடிந்த முதல் ஆறு முதல் எட்டு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அரிசி மூட்டை, செம்பனைக் குலை எல்லாம் அடங்கும்.

ரத்தக் கொதிப்பு 130க்கு 80க்குக் கீழ் இருக்க வேண்டும். இன்னொரு கணக்கு: ட்ரைகிளிசரைடு 1.7 அல்லது மேல், நல்ல கொழுப்பு (எச்டிஎல்) ஆணுக்கு 1.0க்குக் கீழ், பெண்ணுக்கு 1.3க்குக் கீழ், வெறும் வயிற்று இனிப்பு 5.6 அல்லது மேல், அழுத்தம் 130க்கு 85 அல்லது மேல், இடுப்பு மேலே சொன்ன அளவைத் தொடுவது. இந்த ஐந்தில் மூன்று வந்தால் வளர்சிதைக் கோளாறு என்று பெயர். அட்டவணையாகப் போட்டு ஒவ்வொரு வரிக்கும் காலிக் கட்டம் விடுங்கள், ஆஸ்பத்திரியில் அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

#22 சிப்புட்_வளர்மதி

அட்டவணை போட்டாகிவிட்டது. மிஸ்ஸி, கடைசியாக ஒன்று. ஈப்போவுக்கு விடிகாலை பஸ் ஏறுகிறவர்கள் வீட்டிலேயே காலை மருந்தைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுக்கிறார்கள். அது பரவாயில்லையா?

#23 மிஸ்ஸி_தனம்

பரவாயில்லை என்று விடக் கூடாது, தாளின் தலையிலேயே போட வேண்டியது. டாக்ரோலிமஸ் அளவு என்பது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன், உடம்பில் மருந்து ஆகக் குறைவாக இருக்கும் நேரத்து அளவு. போட்டுவிட்டு வந்து ஒன்றரை மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் எண் உச்சத்தில் வரும், அதைப் பார்த்து டாக்டர் மருந்தைக் குறைப்பார், இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் ஏறும். காலை மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டுப் பையில் எடுத்துப் போங்கள், ரத்தம் எடுத்து முடிந்ததும் அங்கேயே தண்ணீரோடு போடுங்கள். முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரத்தம் எடுக்கிறவரிடம் கொடுங்கள். இரவு எட்டு மணிக்குப் போட்டவருக்கு காலை எட்டுக்குப் பக்கத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். வரிசை நீண்டு பத்து மணி ஆகிவிடும் என்று தெரிந்தால், முதல் நாள் இரவு மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள், கவுண்டரில் 'டாக்ரோலிமஸ் அளவு' என்று சொல்லி முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.